ஞானத்தாயும் ஒரு திருகாணியும்

“மறுபடியும் கழண்டுடுச்சுங்க.”

“இந்தாங்க, இப்படிக் குடுங்க.”

நாலு மாதத்தில் இது பதினோராவது தடவை. கட்டடத்து லிஃப்ட்டைப் பழுதுபார்க்கிற லிஃப்ட்காரர் ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் அதிலிருந்து கழன்ற காதுக்கம்பியுமாக, பலகையை உடைத்துவிட்டு வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி நின்றார். லென்ஸ் அக்கா வாங்கி விளக்குக்கு அடியில் பிடித்தாள்.

பதினாலு மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடியில் இருந்தது அந்தக் கண்ணாடிக் கடை. முன்பக்கம் கண் பரிசோதனை. பின்பக்கம் ஒரு மேஜை. அந்த மேஜையில் உட்கார்ந்து லென்ஸை அளந்து, விளிம்பு தேய்த்து, ஃப்ரேமில் ஏற்றுவது இருபத்து மூன்று வருஷமாக அவள் வேலை. அதனால் கட்டடம் முழுக்க அவளுக்கு லென்ஸ் அக்கா என்றே பேர். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்கள் எல்லாரும் கேட்டுச் சலித்து ஓய்ந்துவிட்டார்கள்.

அரிசியில் பாதிகூட இல்லாத திருகாணியை இடுக்கியால் எடுத்து அவள் உற்றுப் பார்த்தாள். அதன் தலையில், அளவுக்கு மீறிய பெரிய திருப்புளியைக் கொடுத்துத் திருகிய புதுக் கீறல் ஒன்று மின்னியது. தானாகக் கழன்ற திருகாணிக்குக் கீறல் இருக்காது. முதல் தடவை தவிர மற்றப் பத்துத் தடவையும் இருந்தது. பத்துத் தடவையும் அவள் வாயைத் திறக்கவில்லை.

“வேலை அப்படிங்க. மேலயும் கீழயும் போறதுல ஆடிடுது.”

“ஆடத்தானே செய்யும்.”

“ரொம்பத் தொந்தரவு குடுக்கறேன்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

அவர் போனதும் முன்மேஜையிலிருந்து சின்னவள் தலையை நீட்டினாள். கடைக்கு பில் போடுகிறவள், இருபத்தாறு வயது; லென்ஸ் அக்கா அவளைச் சின்னவளே என்றுதான் கூப்பிடுவாள். அவள் காலடியில், ஃப்ரேம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் மெத்தை போட்டு, நாலு மாதப் பெண்குழந்தை ஒன்று கால் கட்டைவிரலைத் தின்றுகொண்டிருந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“வேலையைப் பாரு.”

“கடைக்கு வர்ற ஆம்பளைங்க அத்தனை பேரையும் அண்ணேங்கறீங்க. சின்னப் பசங்களைத் தம்பிங்கறீங்க. நரைச்சவங்களை ஐயாங்கறீங்க. இவரை மட்டும் ‘இந்தாங்க’ங்கறீங்க. அது என்ன முறை?”

“பில் புக்கைப் பாருடி.”

“அவரும் அப்படித்தான். கட்டடத்துல வாட்ச்மேன் தாத்தாகூட உங்களை அக்காங்கறாரு. இவரு வாயில வரமாட்டேங்குது.”

லென்ஸ் அக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அவள் நாலு மாதமாக எத்தனை ஜாக்கிரதையாக அந்த ‘அண்ணே’ என்ற சொல்லைத் தாண்டித் தாண்டிக் குதித்து வந்திருக்கிறாள் என்பது அவளுக்கல்லவா தெரியும். ஒரு தடவை வாயில் வந்துவிட்டால் வந்ததுதான். அப்புறம் அதை எந்த இடுக்கியால் வெளியே எடுப்பது?

“அது இருக்கட்டும், நாங்க ஒரு முடிவு பண்ணிட்டோம்” என்றாள் சின்னவள். “நம்ம லிஃப்ட்டுக்குட்டிக்கு வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். ஞானத்தாய் நீங்க. ஞானத்தகப்பன் அவரு.”

லென்ஸ் அக்காவின் கையிலிருந்த திருப்புளி உருண்டு மேஜைக்கு அடியில் போனது.

அந்தக் குழந்தைக்கு லிஃப்ட்டுக்குட்டி என்று சும்மா பேர் வரவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் சின்னவளுக்கு வலி எடுத்து, லென்ஸ் அக்கா அவளைக் கைத்தாங்கலாக லிஃப்ட்டில் ஏற்ற, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. சின்னவள் போட்ட சத்தத்தில் பதினாலு மாடியும் படிக்கட்டுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் மேலே எங்கிருந்தோ ஒரு குரல் இறங்கியது: “பயப்படாதீங்க. கையால சுத்தி இறக்கறேன். இன்னும் பதினாறு சுத்து.” “சீக்கிரம் சுத்துங்க!” என்று லென்ஸ் அக்கா கத்த, “பதினஞ்சு” என்றது குரல். சின்னவள் கையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்து அவரோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே இறங்கினாள் லென்ஸ் அக்கா. கதவு திறந்தபோது எண்ணெய்க் கையோடு ஓடி வந்து நின்றவருடைய கண்ணாடி கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. “நாளைக்குக் கடைக்கு வாங்க, சரி பண்ணித் தர்றேன்” என்றாள். அதுதான் முதல் தடவை. அந்த ஒரு தடவை மட்டும் அது நிஜமாகவே கழன்றிருந்தது.

சின்னவளின் வீட்டுக்காரனும் லிஃப்ட் வேலைதான். தனிக்கட்டையான லிஃப்ட்காரரோடு சேர்ந்து வேலைக்குப் போகிறவன். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பதால் கயிறு என்று கூப்பிடுவார்கள். கயிறு அவரிடம் கேட்டான், சின்னவள் இவளிடம் கேட்டாள். இரண்டு பேரும் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றார்கள். ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கிடைத்த சாக்கை யார் விடுவார்கள்?

பெஞ்சு கோயிலின் பின்னறையில் இருந்தது. ஞானப்பெற்றோராக நிற்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். பாடம் நடத்துகிறவர் உபதேசியார். நல்ல மனுஷர், கழுத்துப் பிடிப்புக்காரர். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பமாட்டார், குனியவும் மாட்டார். கண்ணாடி அடிவிளிம்பு உடைந்து இரண்டு வருஷமாகிறது. கறுப்பு டேப்பைத் தடிமனாகச் சுற்றி வைத்திருந்தார். அந்த டேப்பைப் பார்க்கும்போதெல்லாம் லென்ஸ் அக்காவுக்குக் கை அரிக்கும். “கடைக்கு வாங்க உபதேசியாரே” என்று எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. “நல்லாத்தாம்மா தெரியுது” என்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கோயிலில் அறிவிப்புப் படித்தால் அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்கிவிடுவார். “வருகிற சனிக்கிழமை கோயிலைச் சுத்தம் செய்ய எல்லாரும் வரவேண்டும். வரும்போது கையில் கட்டாயம்” என்று நிறுத்தித் தாளை மடித்துக்கொள்வார். பாதிப் பேர் துடைப்பத்தோடும் பாதிப் பேர் குடையோடும் வருவார்கள். அவர் பேச்சே அப்படி என்று எல்லாருக்கும் பழகிவிட்டது.

பழைய கேள்வி-விடைப் புத்தகத்தைப் பலகையில் நிறுத்தி அவர் ஆரம்பித்தார்.

“கேள்வி பன்னிரண்டு. ஞானப்பெற்றோர் என்பவர் யார்? விடை. பேசத் தெரியாத பிள்ளைக்காகத் தேவசந்நிதியில் வாய் திறந்து பதில் சொல்பவர். பிற்பாடு அந்தப் பதிலுக்குத் துணை நிற்பவர்.”

லென்ஸ் அக்கா கையைத் தூக்கினாள். “ஒரு சந்தேகம். கடையில நான்தான் கேள்வி கேப்பேன். இது தெளிவா, அது தெளிவான்னு. பதில் அவங்க சொல்லணும். இங்க இது வாயே திறக்காம நான் எப்படிச் சொல்றது? நாளைக்குப் பெரியவளாகி, ‘நான் எங்க சொன்னேன், நீங்கதானே சொன்னீங்க’ன்னு கேட்டா?”

“கேக்கும். பதினாலு வயசுல எல்லாமே கேக்கும்.”

“அப்போ என்ன பண்றது?”

“அப்போ பக்கத்துல இருக்கணும். அதாம்மா வேலை. ஒருநாள் கையில ஏந்திக்கிட்டு நிக்கிறதுக்கு ஃபோட்டோக்காரர் போதுமே.”

“அப்பா அம்மா இருக்கும்போது நாங்க எதுக்குங்க?” என்றார் லிஃப்ட்காரர். தெரியாமல் கேட்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்டார்.

“உங்க லிஃப்ட்டை எத்தனை கயிறு தூக்குது?”

“அஞ்சுங்க.”

“ஒண்ணு தாங்காதா?”

“ஒண்ணே தாங்கும். ஆனா...”

“ஆனா? அந்த ஆனாதான் நீங்க” என்றார் உபதேசியார்.

லென்ஸ் அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார். பெஞ்சே இரண்டு அங்குலம் மேலே எழும்பினது போலிருந்தது. அந்த நேரம் பார்த்தா உபதேசியார் பக்கத்தைப் புரட்ட வேண்டும்?

“கேள்வி முப்பத்தொன்று. ஒரே பிள்ளைக்கு ஞானத்தாயும் ஞானத்தகப்பனுமாக நின்ற இருவர் பின்னாளில் ஒருவரையொருவர் மணந்துகொள்ளலாமா? விடை. அதற்குத் திருச்சபைச் சட்டத்தில் தடை.” அவர் புத்தகத்தை மூடினார். “இன்னைக்கு இது போதும். சாமி சாப்பிடப் போயிருப்பாரு.”

பின்பெஞ்சில் சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. “என்னென்ன கேள்வியெல்லாம் யோசிச்சு வச்சிருக்காங்க!”

முன்பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. எழும்பிய பெஞ்சு மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

நேரே பங்குச் சாமியாரிடம் போய் இது மெய்தானா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ‘நீ ஏன் கேக்கறே?’ என்பாரே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட லிஃப்ட் குழிக்குள் குதித்துவிடலாம்.

திங்கட்கிழமை காலையில் லென்ஸ் அக்கா தொண்டையைச் செருமினாள்.

“சின்னவளே, எனக்கு ஜலதோஷம். ஞானத்தாய்க்கு வேற யாரையாச்சும் பாரு.”

“ஞானஸ்நானம் ஞாயித்துக்கிழமைதானே அக்கா.”

“இது ஞாயிறு வரைக்கும் இருக்கிற ஜலதோஷம்.”

“நீங்க ஒரு தும்மல்கூடத் தும்மலையே?”

“உள்ளுக்குள்ளயே தும்முற வகை.”

அதே நேரம் பதினாலாவது மாடிக்கு மேலே, இயந்திர அறையில்:

“தம்பி, தண்ணியைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துதுடா. நான் நிக்கலை.”

“அண்ணே, நீங்க ஒத்தக் கையில தொங்குற ஆளு. கோயில் தொட்டி அரை அடிகூட ஆழமில்லை.”

“உயரம் பழகிடுச்சு. ஆழம் பழகலை.”

செவ்வாய்க்கிழமை சின்னவள் வீங்கிய கண்ணோடு வந்தாள். “நீங்கதான் இப்படின்னா அவரும் முடியாதுன்னுட்டாரு. எங்க பிள்ளைக்கு என்னக்கா குறை?”

“என்னது? அவரும் முடியாதுன்னுட்டாரா?”

“ஆமா.”

“நிஜமாவா?”

“எதுக்கு இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறீங்க?”

லென்ஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஏன் விலகினார்? ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். முப்பத்தொன்றாம் கேள்வி! உள்ளங்காலிலிருந்து உச்சிவரை ஏதோ கிச்சுகிச்சு மூட்டியது. அவர் விலகிவிட்டால் இவள் விலக வேண்டியதில்லையே.

“ஜலதோஷம் சரியாயிடுச்சு. நான் நிக்கிறேன்.”

“எப்போ சரியாச்சு?”

“இப்போதான்.”

மேலே கயிறும் சேதி சொல்லியிருந்தான். அக்கா விலகிவிட்டார் என்று கேட்டதும் லிஃப்ட்காரர் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “அப்போ நான் நிக்கிறேண்டா. தலை சுத்தல் நின்னுடுச்சு” என்றார்.

புதன்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் நல்ல சேதி சொல்லிக் குதித்தார்கள். வியாழக்கிழமை லென்ஸ் அக்காவுக்குப் பல்வலி வந்தது. லிஃப்ட்காரருக்குச் சொந்தத்தில் ஒருவர் இறந்துபோனார்.

“யாருண்ணே?”

“தூரத்துச் சொந்தம். எனக்கே சரியாத் தெரியாது.”

வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, சின்னவள் லிஃப்ட்டுக்குட்டியைத் தூக்கி லென்ஸ் அக்காவின் மேஜைமேல் வைத்துவிட்டாள். லென்ஸ் தேய்க்கிற சக்கரத்துக்கும் திருகாணி டப்பாவுக்கும் நடுவில் அது உட்கார முயன்று சாய்ந்தது.

“இது பிள்ளையா, லிஃப்ட்டாக்கா? ஒருநாள் மேல, ஒருநாள் கீழ?”

“கத்தாதடி. பயந்துக்கப்போகுது.”

“அன்னைக்கு இருட்டுல என் கையை யாரு பிடிச்சா? ‘நான் இருக்கேன், நான் இருக்கேன்’னு எத்தனை தடவை சொன்னீங்க தெரியுமா? அதுக்காகத்தான் கேட்டேன். அலங்காரத்துக்கு ஆள் வேணும்னா கேக்கலை. இருக்கேன்னு சொன்னா இருக்கணும். முடியாதுன்னா ஒரு தடவை முடியாதுன்னு சொல்லுங்க. நான் அழுதுட்டு வேற வேலையைப் பாக்கறேன்.”

லென்ஸ் அக்கா பழக்கதோஷத்தில் பேனா விளக்கை எடுத்துக் குழந்தையின் கண்ணுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். இரண்டு கண்ணும் ஒன்றாக வெளிச்சத்தோடு போயின, ஒன்றாகத் திரும்பின. அப்புறம் விளக்கை விட்டுவிட்டு அவள் முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றுகொண்டன.

நாற்பத்தெட்டு வருஷம் இருந்த மாதிரி இனியும் இருந்துவிடலாம். அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் இந்தப் பார்வையைத் தட்டிவிட்டுப் போனால் தட்டிவிட்டுப் போனவளாகவே மிச்ச நாளெல்லாம் இருக்க வேண்டும்.

“நிக்கிறேன்” என்றாள். “அவர் நின்னாலும் நிக்கிறேன், நிக்கலைன்னாலும் நிக்கிறேன்.”

“ஜலதோஷம்?”

“வந்தா வரட்டும்.”

அன்று சாயங்காலம் அவள் லிஃப்ட்டில் ஏறியபோது உள்ளே லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார். கதவு சாத்திக்கொண்டது. நாலு மாடி இறங்குவதற்கு நாற்பது மாடி நேரமாயிற்று.

“நீங்களும் நிக்கிறீங்களாமே” என்றாள்.

“ஆமாங்க. கயிறு அழுதுட்டான். நீங்களும்...”

“பிள்ளைக்காகத்தான்.”

“பிள்ளைக்காகத்தாங்க.”

மூன்றாவது மாடி போயிற்று.

“ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்” என்றார் அவர், லிஃப்ட்டின் எண் பலகையைப் பார்த்துக்கொண்டே, “உங்களை ஏதாவது முறை சொல்லிக் கூப்பிடணும்ல. தங்கச்சின்னு...”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் நாள் இருக்குல்ல? அதுவரைக்கும் வேண்டாங்க.”

“சரிங்க.”

“நானும் சொல்லலை.”

“சொல்லாதீங்க” என்றார் அவர் அவசரமாக.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. தொட்டிக்கு ஒரு பக்கம் லென்ஸ் அக்கா, கையில் வெள்ளை உடுப்பில் லிஃப்ட்டுக்குட்டி. மறு பக்கம் லிஃப்ட்காரர், கையில் மெழுகுவத்தி. சாமியார் குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்க, சின்னவளும் கயிறும் சேர்ந்து சொன்னார்கள். அழகான பேர்தான். அன்றைக்கு சாமியாரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

“தீமையை விட்டுவிடுகிறீர்களா?” என்றார் சாமியார்.

“விட்டுவிடுகிறேன்.” லென்ஸ் அக்காவின் குரல் பின்சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. கையில் இருக்கிற, வாய் பேசாத பிள்ளைக்காக ஒரு பங்கு, தன் பங்கு ஒன்று. அதற்குள்ளே அந்தப் பக்கம் நிற்கிறவரையும் சேர்த்துத்தான் விட்டாள். விட்டபிறகு என்ன ஆச்சரியம், நெஞ்சு கனக்கவில்லை. தலைதான் லேசாகக் கிறுகிறுத்தது.

“விட்டு... விடறேங்க” என்றார் லிஃப்ட்காரர். வீட்டை விற்றுவிட்டுச் சாவியைக் கொடுக்கிறவர் குரல் அது.

“விட்டுவிடுகிறேன்னு சொல்லுங்க, ஐயா.”

“விட்டுவிடுகிறேன்.”

“இந்தப் பிள்ளை வளர வளரப் பக்கத்தில் நிற்க ஆயத்தமா?”

“ஆயத்தம்” என்றாள் அவள். “ஆயத்தம்” என்றார் அவர். இந்தத் தடவை அவருக்குக் குரல் சரியாகவே வந்தது.

குழந்தையைத் தொட்டிக்குமேல் சாய்த்துப் பிடித்தாள். மெழுகுவத்தியோடு அவரும் குனிந்தார். லிஃப்ட்டுக்குட்டி அண்ணாந்து பார்த்தது. பளபளவென்று இரண்டு கண்ணாடி வட்டம், அதற்குள்ளே இரண்டு சுடர். விடுமா? ஒரே எட்டில் பிடித்து இழுத்தது. காதுக்கம்பி தனியாக வந்தது, வலது லென்ஸ் தொபுக்கென்று தொட்டிக்குள் போயிற்று.

கோயில் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சாமியார் முழங்கைவரை அங்கியைச் சுருட்டி, கையை விட்டுத் துழாவி, லென்ஸை வெளியே எடுத்துப் பிடித்தார்.

“இதுக்கும் ஆயிடுச்சு” என்றார். “இதுக்கு ஞானப்பெற்றோர் யாரு?”

முன்வரிசையில் யாரோ களுக்கென்று ஆரம்பிக்க, அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. தண்ணீர் தலையில் விழுந்தபோது லிஃப்ட்டுக்குட்டி அழவில்லை. காதுக்கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதுவும் சிரித்தது.

பூசை முடிந்து, கையெழுத்துப் போடப் பின்னறைக்குப் போனார்கள். லென்ஸ் அக்கா கைப்பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து, ஜன்னலோரம் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்தாள். நல்லவேளை, திருகாணி சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் தலையில் புதுக் கீறல்.

“காலைல கழட்டினீங்களா?” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவர் முகம் எண்ணெய் தீர்ந்த கதவு மாதிரி அசையாமல் நின்றது. “தெரியுமா?”

“முதல் தடவையைத் தவிர எல்லாம் தெரியும்.”

“இன்னைக்கு... கடைசியா ஒரு தடவைன்னு...”

“கையெழுத்து!” என்று கூப்பிட்டார் உபதேசியார். ஞானஸ்நானப் பதிவேட்டில் புதுப்பக்கம் திறந்து முதல் வரியில் குழந்தையின் பேரை எழுதத் தொடங்கியிருந்தார்.

“போன பக்கத்துல இன்னும் ஒரு வரி இருக்கே, உபதேசியாரே?” என்றாள் லென்ஸ் அக்கா.

“எங்கம்மா? அது முடிஞ்சுபோச்சு.”

லென்ஸ் அக்கா போன பக்கத்தைப் பார்த்தாள். கடைசி வரி காலியாக இருந்தது. அதற்கு முந்தின பக்கம், அதிலும் கடைசி வரி காலி. அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது. இரண்டு வருஷப் பக்கங்கள் அத்தனையிலும் அடியில் ஒரு வரி ஆளில்லாமல் கிடந்தது. அவள் பதிவேட்டைப் பார்த்தாள். விறைத்த கழுத்தைப் பார்த்தாள். கண்ணாடி அடிவிளிம்பில் விரல் தடிமனுக்குச் சுற்றிய கறுப்பு டேப்பைப் பார்த்தாள். ‘வரும்போது கையில் கட்டாயம்.’

“உபதேசியாரே! அந்தக் கேள்வி-விடைப் புத்தகம் எங்க?”

“எதுக்கும்மா?”

“முதல்ல உங்க கண்ணாடியைக் கழட்டுங்க.”

“ஏம்மா, நல்லாத்தானே...”

“கழட்டுங்கங்கறேன்!”

இருபத்து மூன்று வருஷ வேலையில் எந்த டேப்பையும் அவள் அத்தனை வேகமாக உரித்ததில்லை. லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். முப்பத்தொன்றாம் கேள்வியைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தாள். அவள் அவசரத்தில் புத்தகம் ஆடியது, உபதேசியாரின் கண்ணும் அதோடு ஏறி இறங்கியது.

“படிங்க. சத்தமா.”

“ஒருவரையொருவர் மணந்துகொள்ளலாமா? விடை. அதற்குத் திருச்சபைச் சட்டத்தில் தடை.”

“இன்னும் ஒரு வரி இருக்கு. அடியில.”

“அட, ஆமா. இருக்கு.” அவர் கண்ணைச் சுருக்கினார். “யில்லை.”

“சேர்த்துப் படிங்க.”

“தடை... யில்லை. தடையில்லை.” உபதேசியார் நிமிர்ந்தார். “இதுல என்னம்மா அவ்வளவு அவசரம்?”

லிஃப்ட்காரர் கண்ணாடி இல்லாமல் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் நிற்கிற பக்கம் அதுதான் என்று நினைத்திருக்கிறார். கயிறு வாயைப் பிளந்தான். சின்னவள் ஒரு நிமிஷம் இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஜலதோஷம்!” என்றாள். “பல்வலி! தூரத்துச் சொந்தம்! அடப்பாவிங்களா, இதுக்காகவா என்னை வாரம் பூரா அழவிட்டீங்க?”

“ஆழம் பழகலைன்னாரே!” என்று கயிறு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அங்கியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்த சாமியார், “என்ன சத்தம்?” என்றார்.

“சாமி” என்றார் உபதேசியார், பேயறைந்த மாதிரி. “ரெண்டு வருஷமா நான் எந்தப் பக்கத்திலயும் கடைசி வரியைப் படிக்கலை போலிருக்கு.”

“நான் அது உங்க பாணின்னுல்ல நினைச்சேன்?” என்றார் சாமியார். “அதான் மாலைக் கூட்டத்துக்கு ஒருத்தரும் வரலையா? நேரமே சொல்லலையா நீங்க?”

உபதேசியார் பழைய அறிவிப்புத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசி வரியை மட்டும் படித்துப் படித்துத் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். “‘துடைப்பம் கொண்டுவரவும்.’ ஐயோ. ‘செருப்போடு ஏற வேண்டாம்.’ ஐயோ ஐயோ.”

சின்னவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். லென்ஸ் அக்கா மறுபடி ஜன்னலோரம் போனாள். நனைந்த லென்ஸைத் துடைத்து ஃப்ரேமில் ஏற்றினாள். காதுக்கம்பியைப் பொருத்தித் திருகாணியைச் சுற்றினாள். வழக்கமாகச் சுற்றுவதைவிட ஒரு சுற்று கூட. பிறகு அவர் பக்கம் திரும்பி, கையில் கொடுக்காமல், தானே மாட்டிவிட்டாள்.

அவர் பார்த்தார். தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்; கண்ணை எடுக்கவில்லை.

“இறுக்கிட்டேங்க” என்றாள். “இனிமே நீங்களே கழட்டினாலும் கழலாது.”

“அப்போ நான் கடைக்கு எப்படி வர்றது?”

“கதவைத் தள்ளினாத் திறக்கும்.”

“சும்மாவேவா?”

“சும்மாவே வாங்க.”

“கையெழுத்தைப் போட்டுட்டு அப்புறம் பேசுங்களேன்” என்றார் உபதேசியார். புதுப்பக்கத்தில் எழுதியதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, போன பக்கத்தின் கடைசி வரியில் குழந்தையின் பேரை மறுபடி எழுதி வைத்திருந்தார். இரண்டு பேரும் குனிந்து அதில் கையெழுத்துப் போட்டார்கள். இடம் குறைவு, ஒருத்தர் எழுத்து இன்னொருத்தர் எழுத்தின்மேல் கொஞ்சம் ஏறிவிட்டது.

“லிஃப்ட்டுக்குட்டி” என்று சின்னவள் குழந்தையின் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “உன் ஞானத்தாய்க்கு இனிமே ஜலதோஷமே வராதுடி.”

லென்ஸ் அக்கா தும்மினாள். அது நிஜத் தும்மல்.